ரேவ்கத் ஜாடியிலிருந்து இறங்கிய நாற்பது ஒட்டகங்கள்

ரேவ்கத் ஊர்க் குயவர் வர்சக்கின் மகள் ஷீர்சாத் ஒன்பது வயதில் ஒரு ஜாடியின் மேல் வரைந்த திராட்சைக் கொடி, சூளையிலிருந்து எடுத்து வெயிலில் வைத்த மறுநாள் பழுத்தது. கறுப்புத் திராட்சை, கொட்டை இல்லாதது. எட்டுக் கொத்து பறித்தார்கள். ஒரு கொத்து நனா தேவி கோயிலுக்குப் போயிற்று, மற்றதை அக்கம்பக்கத்தார் தின்றார்கள். தோல் கொஞ்சம் தடிப்பு என்று குறை சொன்னவர்களும் உண்டு. அந்த வருடம் தோட்டத்துத் திராட்சையே கூடை ஒரு செப்புக்காசு என்று மலிந்து கிடந்ததால் ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜாடியைச் சுற்றித் தேனீ மொய்த்ததுதான் தொந்தரவாக இருந்தது.

எங்கள் ஊரில் குழந்தை பிறந்ததும் நாக்கில் தேன் தடவுவோம், உள்ளங்கையில் பசை தடவுவோம். வளர்ந்தபின் பேச்சு இனிக்க வேண்டும், கைக்கு வந்த காசு ஒட்டிக்கொள்ள வேண்டும். தேசம் தேசமாகப் போய் வியாபாரம் பண்ணிப் பிழைக்கிற ஜனத்துக்கு வேறென்ன வேண்டும்? ஷீர்சாத் பிறந்த அன்று மருத்துவச்சி பெசாக் அதற்கு முன்பே இரண்டு வீடுகளில் பிரசவம் பார்த்துவிட்டு, இரண்டு வீட்டிலும் ஊற்றிக் கொடுத்த மதுவை மறுக்காமல் குடித்துவிட்டு வந்திருந்தாள். கிண்ணம் மாறிவிட்டது. பசை நாக்குக்குப் போயிற்று, தேன் கைக்குப் போயிற்று. பசையும் சாதாரணப் பசையில்லை. உடைந்த பாத்திரம் ஒட்டுவதற்காக வர்சக் மீன் எலும்பைக் காய்ச்சி எடுத்து வைத்திருந்தது.

"போனாப் போகுது விடு வர்சக்கு, பொம்பளப் புள்ளதானே. அதிகம் பேசாம இருந்தா கட்டிக்கப் போறவன் சந்தோஷப்படுவான்" என்றாள் பெசாக்.

"நீ மொதல்ல எடத்தைக் காலி பண்ணு தாயி" என்றார் வர்சக்.

ஷீர்சாத் என்றால் நல்லபடியாகப் பிறந்தவள் என்று அர்த்தம். பெயரை முன்பே முடிவு செய்துவிட்டதால் மாற்றவில்லை. அவள் பேசினாள், ஊமையெல்லாம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் நாக்கில் ஒட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். காலையில் ரொட்டி வேண்டும் என்று ஆரம்பித்தால் ரொட்டி ஆறிப்போன பிறகுதான் முடிப்பாள். கையில் காசு கொடுத்தால் இறுக மூடிய விரல்களுக்கு நடுவிலும் நழுவிக் கீழே விழும். ஆனால் அந்தக் கை ஈர மண்ணில் எதை வரைந்து அதன் மேல் ஒருமுறை அழுந்தப் பதிந்ததோ, அது சூளையில் வெந்து முதல் வெயில் பட்டதும் பாத்திரத்தை விட்டு இறங்கிவிடும். எந்த அளவில் வரைந்தாளோ அந்த அளவில் இறங்கும். கவுதாரிகள் இறங்கின. வாய்க்காலில் விட்ட மீன்கள் குஞ்சு பொரித்தன. வர்சக்குக்கு இதில் இருந்த ஒரே வருத்தம், படம் இறங்கிப்போன பாத்திரத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் விற்க முடிந்தது என்பது.

அவருடைய பங்கு அலங்காரம். எங்கள் ஊர்ப் பாத்திரத்தில் ஒரு பிராணியைச் சும்மா நிற்க வைப்பது கிடையாது. கழுத்தில் பட்டு நாடா பறக்க வேண்டும், சுற்றி முத்து வளையம் வேண்டும், பெரிய பிராணி என்றால் விலாவில் இறக்கையும் வேண்டும். ஆடானாலும் சிங்கமானாலும் அப்படித்தான். இதற்கெல்லாம் வீட்டுக்கு வீடு அச்சு உண்டு. அச்சைக் குத்திவிட்டு மேலே காக்காப்பொன் பொடியைத் தூவினால் மண் பாத்திரம் வெள்ளிப் பாத்திரம் போல மின்னும். அச்சுக் குத்தாத பாத்திரத்தைச் சந்தைக்கு அனுப்புவதும் தொப்பியில்லாமல் கல்யாணத்துக்குப் போவதும் எங்களுக்கு ஒன்று.

பதினாறாவது வயதில் ஷீர்சாத் யானை வரைந்தாள். எங்கள் பக்கத்தில் யாரும் யானையைக் கண்ணால் பார்த்ததில்லை. போனவன் வந்தவன் சொன்னதைக் கேட்டு, ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு திருத்தம் சொல்ல, ஒரு சின்னக் கிண்ணத்தில் வரைந்தாள். வர்சக் அச்சுக் குத்த அதில் இடமில்லை. யானை எலி உயரத்தில் இறங்கியது. அவ்வளவு அழகான பிராணியை நாங்கள் பார்த்ததேயில்லை, தெருவே கூடிக் கைதட்டியது. தெற்கிலிருந்து மிளகு கொண்டுவந்த வியாபாரி ஒருவர்தான் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ பாவம், தும்பிக்கை பத்தாதேம்மா! வாய்க்கு எட்டலைன்னா அது எப்படித் திங்கும்?"

அது அந்தக் குட்டித் தும்பிக்கையால் புல்லைப் பிடித்தது, தூக்கியது, வாய்க்கு இரண்டு விரல் தூரத்தில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தது. ஷீர்சாத் நாணல் குழாயால் பார்லிக் கஞ்சி ஊட்டினாள். பதினோரு நாள் உயிரோடு இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஊரில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை. ஷீர்சாத் குளிர்காலம் முழுவதும் மண்ணைத் தொடாமல் கிடந்துவிட்டு, பனி உருகிய பிறகு ஒரு காலையில் அப்பாவிடம் வாயைத் திறந்தாள். "இனி... பாக்காததை... வரைய... மாட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் வர்சக் இரண்டு குடம் வனைந்துவிட்டார்.

ரேவ்கத்தில் உட்கார்ந்துகொண்டு எதைப் பார்ப்பது? கழுதை, ஆடு, முலாம்பழம், வரி வசூலிக்க வருகிறவன் முகம். யானை தெற்கே இருக்கிறது, மயில் அதற்கும் அப்பால் இருக்கிறது, கிழக்கே சீனத்தில் மீனுக்கு மீசை இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவளைப் பிடித்து ஆட்டியது. அதற்கு ஒரே வழி, ஆண்டுக்கொருமுறை எங்கள் ஊரிலிருந்து கிழக்கே கிளம்புகிற வணிகச் சாத்தோடு போவது. சாத்தின் தலைவர் ஃபர்ன்குந்த். நாற்பது ஒட்டகக்காரர், தாடிக்கு வாசனைத் தைலம் போடுகிறவர், பாலத்தைக் கடக்கும்போதுகூடக் கீழே பார்க்க மாட்டார். கூட வருகிறவர்களைச் சேர்க்க அவருடைய பாட்டன் காலத்துச் சோதனை ஒன்று இருந்தது. உள்ளங்கையில் ஒரு வெள்ளிக்காசை வைத்துக் கையைக் கவிழ்க்கச் சொல்வார். ஏழு எண்ணும்வரை காசு விழக் கூடாது. எங்கள் ஊர்ப் பையன்களின் கையில் நூறு எண்ணினாலும் நிற்கும். ஷீர்சாத் கையில் கவிழ்ப்பதற்கு முன்பே விழுந்தது. மூன்று வருடம் போய் நின்றாள், மூன்று வருடமும் விழுந்தது.

"கையில காசு நிக்காதவளைக் கூட்டிக்கிட்டு நான் சீனம் போகவா? சந்தையில என்னைப் பாத்துச் சிரிப்பாங்கம்மா. வீட்டுக்குப் போ" என்று மூன்றாவது வருடம் ஃபர்ன்குந்த் சொன்னார். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். சாத்து ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.

நான்காவது வருடம் கிளம்ப வேண்டிய வாரத்தில், வாய்க்காலுக்கு அப்பால் மேயவிட்ட நாற்பது ஒட்டகங்களும் ஏதோ விஷப் பூண்டைத் தின்று ஒரே காலையில் செத்துப்போயின. சமர்கந்தில் விலைக்கு இருந்த ஒட்டகங்களையெல்லாம் படைக்காக ஓட்டிப்போய்விட்டார்கள். இன்னும் நாற்பது நாளில் கணவாயைப் பனி மூடிவிடும். ஃபர்ன்குந்த் கம்பள மூட்டைமேல் உட்கார்ந்து தாடியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஊரே சுற்றி நின்றது. ஷீர்சாத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"ஒட்டகம்... பாத்திருக்கேன்" என்றாள்.

அழுகை நின்றது. அவருக்கு அவள் கை தெரியும், ஊர் முழுக்கத் தெரியும். ஆனாலும் மனுஷன் வியாபாரி. "நாப்பதும் உசுரோட வந்து நிக்கட்டும், நீயும் கெளம்பு. காசுச் சோதனை கெடையாது. ஒண்ணு கொறைஞ்சாலும் ஜென்மத்துக்கும் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது. சம்மதமா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். தலையாட்டலுக்குப் பசை கிடையாது.

வரைந்த அளவுக்குத்தான் பிராணி இறங்கும் என்பதை முதலில் யோசித்தவர் வர்சக். மூட்டை சுமக்கிற ஒட்டகம் வேண்டுமென்றால் ஒட்டகம் அளவில் வரைய வேண்டும். அப்படியென்றால் ஜாடி எவ்வளவு பெரிது? எட்டு ஒட்டகம் ஒரு வரிசை, ஐந்து வரிசை. கோட்டைச் சுவரைவிட ஒரு முழம் உயரம் என்று கணக்கு வந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் அத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பக்கத்து ஊர் கிஷ்மீத்துக்காரர்கள் இன்றைக்கும் அப்படி ஒரு ஜாடியே இருந்ததில்லை என்கிறார்கள். அவர்கள் வனைகிற குடத்தில் தண்ணீரே நிற்காது, அவர்கள் பேச்சை விட்டுத் தள்ளுவோம். எங்கள் ஊரில் குயவர் அறுபது பேர். அறுபது பேரும் அன்று மத்தியானமே தத்தம் சக்கரத்தை நிறுத்திவிட்டுச் சந்தைத் திடலுக்கு வந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து கழுதைகள் மண் சுமந்தன. மண் மிதிக்கக் கோயில் பூசாரி முதல் கல்யாணப் பெண்வரை இறங்கினார்கள். பாட்டும் முரசுமாக, கால் தாளத்துக்கு விழ, ஒரு புது மாப்பிள்ளை மிதித்த மிதியில் இடுப்புவரை இறங்கிப்போய் மறுநாள்தான் வெளியே வந்தான். மண்ணைத் தூண் பருமனுக்குத் திரியாக உருட்டி, முப்பது பேர் தோளில் தூக்கி வந்து வளையம் வளையமாக அடுக்கினார்கள். ஜாடி வளர வளரச் சாரம் வளர்ந்தது. சமையலும் சாப்பாடும் சாரத்தின் மேலேயே நடந்தது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தவர்கள், பார்த்தது போதாமல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பதினெட்டு நாள் போல இந்த ஊர் என்றும் இருந்ததில்லை.

ஷீர்சாத் அதற்குள் எண்ணெய்ச் செக்கில் இருந்த இரண்டு கிழட்டு ஒட்டகங்களோடு குடியிருந்தாள். பல்லை எண்ணினாள், முழங்காலை அளந்தாள், நாக்கு எதுவரை எட்டுகிறது என்று சாணால் பிடித்துப் பார்த்தாள். பிறகு சாரத்தில் ஏறி, நாற்பதையும் தன் கையாலேயே வரைந்தாள். ஒன்று மாதிரி ஒன்று இல்லை. மேல் வரிசையில் கடைசியாக இருந்தது, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, யாரோடும் ஒத்துப்போகாது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை அழுத்திப் பதித்தாள். கையைக் கழுவிக் கழுவிச் செம்மண் குழம்புத் தொட்டியே இனித்துக் கிடந்தது. வரைய ஆரம்பித்த ஒன்பதாம் நாள் மத்தியானம் நாற்பதாவது ஒட்டகத்தை முடித்துவிட்டுக் கீழே இறங்கி, கம்பள மூட்டைகளின் நிழலில் படுத்தவள் அசைவில்லாமல் தூங்கினாள்.

அப்போதுதான் குயவர்கள் எட்ட நின்று ஜாடியைப் பார்த்தார்கள். பார்த்ததும் அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது.

"என்ன வர்சக்கண்ணே, நாப்பதும் அம்மணமா நிக்குது?" என்றார் ஒருவர்.

"சமர்கந்துக்காரன் பாத்தா, ரேவ்கத்துல அச்சுக்குப் பஞ்சமான்னு கேப்பான். நாம நாண்டுக்கிட்டுச் சாக வேண்டியதுதான்" என்றார் இன்னொருவர்.

வர்சக் ஒரு துண்டு முலாம்பழம் தின்று முடிக்கிற நேரம் வரைக்கும் கூடாது என்றார். பார்க்காதது வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள், அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கையும் நாற்பது வருடப் பழக்கமுள்ள கை. பழத்தோலைக் கீழே போட்டார், அச்சுப் பலகையை எடுத்தார். அறுபது பேரும் சாரத்தில் ஏறினார்கள். பொழுது சாய்வதற்குள் நாற்பது கழுத்திலும் பட்டு நாடா, நாற்பது விலாவிலும் இறக்கை, ஒவ்வொன்றையும் சுற்றி முத்து வளையம். நாடாவுக்கும் இறக்கைக்கும் பூசக் குழம்பை எங்கிருந்து எடுத்தார்கள்? ஷீர்சாத் ஒன்பது நாள் கை கழுவிய தொட்டியிலிருந்து.

அவள் கண் விழித்தபோது ஜாடியைச் சுற்றிச் சூளைச் சுவர் எழும்பி, தீயும் வைத்தாகிவிட்டது. யாரோ ஒருவர் பெருமையாகவே சொல்லிவிட்டார். அவள் அப்பாவைத் தேடிப் போனாள்.

"றெக்கை... வச்ச... ஒட்டகத்தை... நீங்க... பாத்திருக்கீங்களா?"

"பாக்கலை. ஆனா நாப்பது வருஷமாப் போடுறேனே கண்ணு, அளவு எனக்குத் தெரியாதா?" என்றார் வர்சக்.

அவள் ஐந்து நாள் சூளைக்கு எதிரில் ரொட்டி தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பார்க்காததைச் செய்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வர்சக் சூளைக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தார். அவரும் சாப்பிடவில்லை. செய்த தப்பு அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் சூரியன் உதிக்க, சுவரை இடித்தார்கள். ஜாடியில் ஒரு கீறல் இல்லை. வெயில் பட்டதும் கீழ் வரிசை ஒட்டகங்கள் எட்டும் சாம்பலை உதறிவிட்டுத் திடலில் கால் வைத்தன. முதுகில் இறக்கை மடங்கிக் கிடந்தது, கழுத்தில் நாடா. கூட்டம் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் எழும்பிவிட்டன. ஃபர்ன்குந்துக்கு முகம் சிவந்தது. "நடக்குற ஒட்டகம் கேட்டா, கோழி மாதிரி றெக்கையோட குடுக்கிறீங்களே! மூட்டையை எங்க கட்டுறது?" என்று கத்தினார். அவர் கத்தி முடிக்கவில்லை, மேலேயிருந்து ஒரு கனைப்பு கேட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம்.

கோட்டைச் சுவர் உயரத்தில் எட்டு ஒட்டகம். அதற்குக் கீழே எட்டு. அதற்கும் கீழே இன்னும் இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் முன்னங்காலை மண்ணிலிருந்து உருவிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அவை எப்படி இறங்கும் என்று அத்தனை நாளில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஷீர்சாத்துக்கும் தோன்றவில்லை. அவள் முகம் வெளுத்துப்போய் அண்ணாந்து நின்றாள். "கம்பளத்தை விரிச்சுப் பிடிங்கடா!" என்று வர்சக் ஓடினார். விற்பனைக்கு வைத்திருந்த கம்பளங்களை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு, ஒட்டகத்தைக் கம்பளத்தில் பிடிக்க ஊரே அங்கும் இங்கும் ஓடியது. உச்சி வரிசையில் ஒன்று முழுசாக வெளியே வந்து, சாய்ந்து, விழுந்தது. பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

இறக்கை விரிந்தது. கூடாரத் துணி காற்றில் விரிகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். ஒட்டகம் திடலை ஒரு சுற்றுச் சுற்றி, பூசாரியின் தொப்பியைத் தட்டிவிட்டு இறங்கி நின்றது. அளவு சரியாக இருந்தது. பிறகு மற்றவையும் இறங்கின, மழைக்கு முன் தட்டான்கள் பறக்கிற மாதிரி ஒரே கூட்டமாக. கிழவர்கள் குதித்தார்கள். பெசாக் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஃபர்ன்குந்த் மட்டும் விரலை நீட்டி எண்ணினார்.

"முப்பத்தொம்பது" என்றார்.

நாற்பதாவது, அந்த உதடு பிதுக்கி, ஜாடியின் விளிம்பில் ஏறி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டார்கள், பருத்திக்கொட்டை காட்டினார்கள், கல்லெறியவும் ஒருவன் குனிந்தான். வர்சக் அவனை அறைந்தார். சாரத்தைப் பிரித்தாகிவிட்டது, ஏறிப் பிடிக்க வழியில்லை. ஷீர்சாத் திடலின் நடுவுக்குப் போய், காசு நிற்காத அந்தக் கையை மேலே தூக்கி விரித்தாள். காற்று அந்தப் பக்கமாக வீசியது. ஒட்டகத்தின் மூக்கு துடித்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவ்வளவு உயரத்திலிருந்து நேராக அவள் எதிரில் வந்து இறங்கி, உள்ளங்கையை நக்க ஆரம்பித்தது. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை, கூட்டத்தில் பாதிப் பேர் அழுதுவிட்டார்கள்.

ஃபர்ன்குந்த் ஒரு ஒட்டகத்தின் கழுத்து நாடாவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அவருடைய தைலத் தாடியில் துப்பியது. இன்னொன்றை இழுத்தார், அதுவும் துப்பியது. ஷீர்சாத் கையை இடப்பக்கம் நீட்டினால் நாற்பது கழுத்தும் இடப்பக்கம் திரும்பின. அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து இறங்கிய ஆள் ஒருவன், கணவாயில் பனி முந்திக்கொண்டு விழுந்துவிட்டது, இனி வசந்தம்வரை ஒரு எறும்பும் போக முடியாது என்றான். எல்லோரும் ஃபர்ன்குந்தைப் பார்த்தார்கள். அவர் ஒட்டகங்களின் இறக்கையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்கு முன்னாடி உக்காரணுமா, நடுவுலயா?" என்று கேட்டார்.

"முன்னாடி" என்றாள். ஒரே சொல் என்பதால் சீக்கிரம் வந்தது.

மூன்றாம் நாள் கிளம்பினார்கள். கம்பளம், வெள்ளிக் கிண்ணம், ஊறிய மது, எல்லாம் இறக்கைக்கு இடம் விட்டுக் கட்டியிருந்தது. ஃபர்ன்குந்த் தன்னைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்லி, கண்ணையும் கட்டிக்கொண்டார். சீன எல்லைவரை கட்டு அவிழ்க்கவில்லை என்று பிறகு கேள்வி. ஷீர்சாத் உதடு பிதுக்கியின் மேல் உட்கார்ந்து கையை நீட்டினாள். நாற்பதும் கோதுமை வயலின் மேல் நிழல் போட்டுக்கொண்டு எழும்பின. வர்சக் வரப்பில் விழுந்து எழுந்து ஓடினார். "அந்த றெக்கை நான் போட்டது! பாத்துக்கோங்கய்யா, நான் போட்ட றெக்கை!" என்று வயலில் இருந்தவர்களிடமெல்லாம் கத்தினார். மூச்சு வாங்கி நின்றபோது கண்ணீர் தாடியில் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க அவருக்குத் தோன்றவில்லை.

ஜாடி இப்போதும் திடலில்தான் இருக்கிறது. நாற்பது முத்து வளையங்களும் உள்ளே வெறுமையாக இருக்கின்றன. ஊர்க் கோதுமையை அதில் கொட்டி வைக்கிறோம், எலி ஏற முடிவதில்லை. கிழக்கு வாசலில் நடந்து வருகிறவர்களுக்கு ஒரு காவலாள் உண்டு. பறந்து வருகிறவர்களுக்கு வாசல் மாடத்துக் கூரையில் இன்னொரு ஆள் போட வேண்டும் என்று அந்தக் குளிர்காலமே பெரியவர்கள் முடிவு செய்தார்கள். காற்றடிக்கிற இடம், யாரும் போட்டியிடவில்லை. வர்சக் அச்சுகளை மற்ற குயவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே பெரிய வேலை ஒன்றும் கிடையாது. கூரை வழவழப்பான சுட்ட செங்கல், இறங்குகிற ஒட்டகம் வழுக்காமல் இருக்க வைக்கோல் பரப்பி வைக்க வேண்டும். பனியில் நனைந்தால் வைக்கோல் கெட்டுவிடும் என்று அவர் தினமும் மாற்றினார். அடுத்த கோடையில், அறுவடை முடிந்த நான்காம் நாள், முதல் ஒட்டகம் இறங்கியபோது வழுக்கவில்லை.